ஒரு சாண் உயரத்தில் நின்ற பந்து

கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் ஏணி என்பவன் எறிந்த கடைசிப் பந்து நான்கு வருஷம் ஏழு மாசம் கீழே இறங்கவில்லை. வளையத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டது. சும்மா நின்றது என்று சொன்னால் தப்பு. தன்னைத்தானே மெல்லச் சுற்றிக்கொண்டு, எங்கேயும் போக அவசரமில்லாத மாதிரி நின்றது. ஆட்டம் முடிய இரண்டு விநாடி இருக்கும்போது எறிந்தான். பந்து கையை விட்டுப் போன பிறகுதான் மணி அடித்தது. பலகையில் ஆலை அணி எண்பது, துறைமுக அணி எண்பத்தொன்று. பந்து உள்ளே விழுந்தால் இரண்டு புள்ளி, ஆலை அணிக்குக் கோப்பை. விழாவிட்டால் துறைமுக அணிக்கு. கேலரியில் இருந்த அறுநூறு பேரும் அரை மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் கழுத்து வலித்தது, வயிறு பசித்தது, ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

அன்று விசில் வைத்திருந்த நடுவர், மற்ற நாட்களில் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாக ஏறி இறங்கி, தராசைத் தட்டிப் பார்த்து, எடைக்கல்லுக்கு முத்திரை வைக்கிற உத்தியோகம். அரை கிராம் குறைந்தாலும் சொந்த மச்சான் கடையென்று பார்க்காதவர். ஆலை மேலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"ஏதாவது ஒரு பக்கமா ஊதித் தொலைங்க சார். ஊரே நிக்குது."

"மணிக்கு முன்னாடி கையை விட்டுப் போன பந்து கீழ வந்தாத்தான் முடிவு. அது வரல. நான் என்னத்தை ஊதறது?" என்றார் நடுவர். கோப்பையைத் துணியில் சுற்றி, ஈய முத்திரை குத்தி, தன் அலுவலகத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆட்டப் பதிவேட்டில் 'பந்து மேலே உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் தீயணைப்பு வண்டி வந்தது. நீளக் கொம்பால் இடித்துப் பார்த்தார்கள், பந்து அசையவில்லை. கனத்த ஆசாமி ஒருவர் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தொங்கினார். தொங்கியதுதான் மிச்சம். பந்து அவரையும் சேர்த்து மெல்லச் சுற்றிவிட்டு, கை சளைத்ததும் இறக்கிவிட்டது. ஒரு வாரம் இதே பேச்சாக இருந்தது. பிறகு ஊர் பழகிக்கொண்டது. அந்த வளையத்துக்கு ஐந்தடி முன்னால் புதிதாக ஒரு கம்பம் நட்டு இன்னொரு வளையம் மாட்டினார்கள். ஆடுகளம் அந்த அளவுக்குக் குட்டையானது, அவ்வளவுதான். நடுவர் மாதம் ஒரு தடவை ஏணிப்படி போட்டு ஏறி, ஸ்டீல் டேப்பால் அளந்து எழுதுவார். இருபத்திரண்டு சென்டிமீட்டர். ஒவ்வொரு மாதமும் இருபத்திரண்டு.

பந்தை எறிந்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறடி பத்து அங்குலம். எட்டாம் வகுப்பிலேயே வகுப்பறை மின்விசிறிக்குப் பயந்து குனிந்து நடந்தவன். ஏணி என்று யார் பெயர் வைத்தார்களோ, அவன் அக்காகூட அப்படித்தான் கூப்பிட்டாள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவனைவிட எட்டு வயது மூத்த அக்காதான் சோப்பு ஆலையில் பெட்டி கட்டி அவனுக்குச் சோறு போட்டாள். அவன் ஆட ஆரம்பித்ததும் ஆட்ட நாளில் புள்ளிப் பலகைக்குப் பக்கத்தில் நின்று எண் எழுதிய தகரத் தட்டுகளை மாட்டும் வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒன்பது வருஷம் அவன் ஆலை அணிக்கு ஆடினான். நான்கு தடவை இறுதி ஆட்டம் வரை போனான். நான்கு தடவையும் துறைமுக அணியிடம் தோற்றான். அங்கே இருந்தவன் பெயர் பூட்டு. அவனைத் தாண்டி எவனும் திறந்துகொண்டு உள்ளே போனதில்லை. ஐந்தாவது தடவைதான் பந்து மேலேயே நின்றது.

அது நின்று மூன்றாவது வாரம் ஏணி தொலைக்காட்சியில் உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை, எதிரே ஒரு கிளாஸ் தண்ணீர். அடுத்த வருஷத்திலிருந்து துறைமுக அணிக்கு ஆடப்போவதாக, பூட்டோடு சேர்ந்து ஆடப்போவதாகச் சொன்னான். சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தான். எந்த எதிரியை ஒன்பது வருஷமாக இந்த ஊர் திட்டித் தீர்த்ததோ அவன் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டான் என்று ஊர் கொதித்தது. ஆனால் கல் எறியவில்லை, அவன் படத்தைக் கொளுத்தவும் இல்லை. அவர்கள் செய்தது வேறு. ஆலை அவன் பெயரில் ஒரு சோப்பு போட்டிருந்தது, பச்சைக் கட்டி, நடுவில் அவன் எண் பதினான்கு அச்சிட்டது. கிடங்கில் நாற்பதாயிரம் கட்டி தேங்கிக் கிடந்தது. மேலாளர் அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள், கக்கூஸ் கழுவ.

அதைக் கேள்விப்பட்டபோது ஏணி துறைமுகத்தில் ஒரு ஏழாவது மாடி வீட்டில் இருந்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. 'கழுவட்டும், அதுக்குத்தான் நான் லாயக்கு' என்று நினைத்தான். ஊருக்குத் தெரிந்தது பாதிதான், தனக்குத் தெரிந்ததை அவர்கள் தெரிந்துகொண்டால் சோப்பைத் தொடக்கூட மாட்டார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

அது இதுதான். இறுதி ஆட்டத்தன்று மத்தியானம் இரண்டரை மணிக்கு, ஆட்டப் பனியனை வாங்க இஸ்திரிக் கடைக்குப் போனான். பூட்டும் தன்னுடையதை வாங்க அங்கே வந்து நின்றிருந்தான். இஸ்திரிக்காரர் பெட்டியில் கரி போடத் திரும்பிய நேரத்தில் பூட்டு சொன்னான்.

"எத்தனை நாளைக்குத்தான் நாம ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னு மூச்சு வாங்கறது? எங்க பக்கம் வந்துடேன்."

"சரி" என்றான் ஏணி.

அவ்வளவுதான். யோசிக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். டீ சாப்பிடுறியா என்று கேட்டால் சரி என்பார்களே, அப்படி வந்து விழுந்துவிட்டது வாயிலிருந்து. இரண்டு சூடான பனியன்களை ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். எதிரிக்குச் சரி சொன்ன வாயோடு அன்று சாயங்காலம் ஆலை அணியின் நடுவில் நின்று, தோளோடு தோள் போட்டு, ஜெயிப்போம் என்று மற்றவர்களோடு சேர்ந்து கத்தினான். அந்தக் கத்தலை நினைத்தால் இப்போதும் அவனுக்கு உடம்பு கூசியது. அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. அதை அவன் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

துறைமுகத்தில் எல்லாப் பந்தும் ஒழுங்காகக் கீழே இறங்கியது. முதல் வருஷம் கோப்பை. இரண்டாம் வருஷம் கோப்பை. மூன்றாம் வருஷம் கால்முட்டி வீங்கியும் கோப்பை. திறந்த லாரியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். எந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் ஏணி மட்டும் அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பான். "கொஞ்சம் கீழ பாருங்க சார்" என்று படம் பிடிப்பவர்கள் தொண்டை வறளக் கத்துவார்கள். சாமி கும்பிடுகிறான் போல என்று துறைமுகத்து ஜனங்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு கூரைக்குக் கீழேயும் ஏதாவது தொங்குகிறதா என்று அவன் தேடினான் என்பது பூட்டுக்கு மட்டும் தெரியும். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவுக்கு போன் போடுவான். முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தாயா என்று அவள் கேட்க, உன் வீட்டுக்காரருக்குச் சளி எப்படி இருக்கிறது என்று இவன் கேட்க, சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, கடைசியில் வைக்கிற நேரத்தில் கேட்பான்.

"பந்து எப்படி இருக்கு?"

"இருக்கு" என்பாள் அக்கா.

நல்லது என்று சொல்வதா, ஐயோ என்று சொல்வதா என்று தெரியாமல் போனை வைத்துவிடுவான். வந்துவிடு என்று அவள் ஒரு நாளும் கூப்பிடவில்லை. ஏன் போனாய் என்றும் கேட்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாம் வருஷம் துறைமுக அணியோடு அவன் சொந்த ஊருக்கு ஆட வந்தான். கூச்சல் போடுவார்கள், செருப்பு வரும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தான். ஒரு சத்தமில்லை. அறுநூறு பேரும் அவன் பக்கம் திரும்பவே இல்லை. நாற்பது நிமிஷமும் தலையைத் தூக்கி அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முப்பத்தொரு புள்ளி எடுத்தான். ஒரு ஆள் பார்க்கவில்லை. அக்கா மட்டும் பலகைப் பக்கம் நின்று, அவன் எடுத்த ஒவ்வொன்றையும் துறைமுக அணிக் கணக்கில் ஒழுங்காக மாட்டினாள். அன்று அவன் அவள் வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? பஸ்ஸின் கடைசி இருக்கையில் நீளக் கால்களை மடக்கிக்கொண்டு, துண்டால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நான்காம் வருஷம் முட்டி அடியோடு போயிற்று. டாக்டர் போதும் என்றார். அதே சமயத்தில் நடுவருக்கும் வேலை ஓய்வு வந்தது. முடியாத ஆட்டம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டில் போய்ப் படுத்தால் தூக்கம் வராது என்று அவர் பத்துப் பேருக்கும் பதிவுத் தபால் அனுப்பினார். இன்ன தேதி காலை பத்து மணிக்கு, அன்று நின்ற இடத்தில், அன்று போட்ட உடுப்பில் வந்து நிற்கவும். ஒரு பந்து பாக்கி உள்ளது. ஏணி அந்தக் காகிதத்தை நான்கு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தான். பிறகு பூட்டே வந்து கதவைத் தட்டினான். "வா, போகலாம். எனக்கும் வந்திருக்கு" என்றான். இருவரும் ஒரே ரயிலில் போனார்கள்.

ஊரே வந்திருந்தது. அன்று உட்கார்ந்த இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்று நடுவர் சொல்லாமலேயே அவரவர் இடத்தைத் தேடி உட்கார்ந்தார்கள். முன்னால் நட்ட கம்பத்தைப் பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தார்கள். பழைய பத்திரிகைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவர் டேப்பால் அளந்து தரையில் சாக்பீஸ் வட்டங்கள் போட்டிருந்தார். ஆலை அணியில் ஒருவன் இப்போது பஸ் கண்டக்டர். அன்று கடைசிப் பந்தை ஏணிக்குத் தட்டிவிட்டவன் அவன்தான். இப்போது பனியன் தொப்புளுக்கு மேலே நின்றது. இன்னொருவன் காலில் கட்டுப்போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அக்கா ஏணியின் பழைய பனியனை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கையில் இன்னொன்றும் வைத்திருந்தாள், '2' என்று எழுதிய தகரத் தட்டு. அன்று எண்பதை எண்பத்திரண்டாக்கக் கையில் எடுத்தது. மாட்டவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் வீட்டுக்கே கொண்டுபோய், நான்கு வருஷம் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

பனியனில் பச்சைச் சோப்பின் வாசனை அடித்தது. ஏணி அதைத் தலைவழியே மாட்டிக்கொண்டான். தன் வட்டத்துக்குள் போய் நின்றான். எதிரே பூட்டு, அன்று போலவே வலது கையை உயரத் தூக்கி நின்றான். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

பத்து நிமிஷம். இருபது நிமிஷம். பந்து பாட்டுக்குச் சுற்றியது. பூட்டு தூக்கிய கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்தான். "அன்னைக்கும் காக்க வச்சான், இன்னைக்கும் காக்க வச்சே கொல்றான் இவன்" என்று கேலரியில் ஒருவர் முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. ஏணிக்கு வேர்த்து ஊற்றியது. ஓடிப்போய்விடலாம் என்று பார்த்தால் முட்டி ஓடுகிற நிலையில் இல்லை.

"அன்னைக்கு மத்தியானமே நான் இவங்கிட்ட சரின்னு சொல்லிட்டேன்" என்றான், தரையைப் பார்த்து. "ஆட்டத்துக்கு முன்னாடியே. இஸ்திரிக் கடையில. சொல்லிட்டுத்தான் உங்களோட வந்து ஆடினேன்."

கண்டக்டரின் முகம் செத்துப் போயிற்று. பந்து இறங்கியது. நடுவர் ஏறி அளந்தார். பதின்மூன்று சென்டிமீட்டர். எழுதிக்கொண்டார்.

விஷயம் புரிந்ததும் கேலரியில் ஒரு பரபரப்பு உண்டானது. மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து, தான் ஆறு வருஷமாக டிக்கெட் எடுக்காமல் பின்வாசல் வழியாக வருவதாகத் தழுதழுத்தார். பந்து அசையவில்லை. அது இதில் சேராது என்று நடுவர் அவரை உட்காரச் சொன்னார். அப்போது பூட்டு கையை இறக்காமலே பேசினான்.

"நான் ஒண்ணும் பிரியத்துல கூப்பிடல. அஞ்சாவது தடவை இவன் என்னை ஜெயிச்சிடுவான்னு பயம். அதான் கூப்பிட்டேன்."

ஒன்பது சென்டிமீட்டர். ஏணி தலை தூக்கி அவனைப் பார்த்தான். நாலு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடியும், அவன் முகத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போலிருந்தது. பூட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்டா" என்றாள் அக்கா. பலகைப் பக்கத்திலிருந்து, வீட்டில் பேசுகிற அதே குரலில். "அன்னைக்கு மத்தியானம் பனியனை வாங்கிட்டு வந்து சாப்பிட்டுட்டுத் தட்டை நீயே கழுவி வச்சே பாரு, பொறந்ததுல இருந்து செய்யாத வேலை, அப்பவே தெரியும். என்னவோ பண்ணிட்டு வந்திருக்கான்னு. கேட்டா சொல்லிடுவியோன்னு பயந்து கேக்கல. தெரிஞ்சுக்கிட்டேதான் இங்க நின்னு கைதட்டினேன்."

பந்து மறுபடி இறங்கியது. நடுவர் ஏறினார். இரண்டு சென்டிமீட்டர்.

மிச்சம் அந்த ஒரு விரல்கடை. வளையத்தைத் தொடுகிற மாதிரி இருந்தது, தொடவில்லை. யாருடையது அது என்று அறுநூறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, கடைசியில் ஏணியைப் பார்த்தார்கள். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஊர் பந்தை விட்டுவிட்டு அவனைப் பார்த்தது. அவன் அவர்களிடம் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்து, அவளுக்கு மட்டும் சொல்வது போலச் சொன்னான்.

"எறிஞ்சப்போ… உள்ள போயிடக் கூடாதுன்னு நெனச்சேன்க்கா. ஜெயிச்சுட்டா அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவங்களை விட்டுட்டுப் போறது? போகணும்னு ஆயிடுச்சு. அதனால விழக் கூடாதுன்னு…"

அவன் சொல்லி முடிக்கவில்லை. பந்து விழுந்தது. வளையத்தைத் தொடாமல், பலகையைத் தொடாமல், நட்ட நடுவில், வலையைச் சரக்கென்று இழுத்துக்கொண்டு விழுந்து, தரையில் நாலு தடவை துள்ளி, கண்டக்டரின் காலடியில் போய் நின்றது. நடுவர் விசிலை ஊதினார். ஆட்டம் முடிந்தது. அக்கா எண்பதில் இருந்த சைபரைக் கழற்றிவிட்டு '2' தட்டை மாட்டினாள்.

எண்பத்திரண்டு, எண்பத்தொன்று. யாரும் கைதட்டவில்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் உறைத்தது. கண்டக்டர்தான் வாய்விட்டுச் சொன்னான்.

"அன்னைக்கே விழுந்திருக்கும்டா. நல்லாத்தான்டா எறிஞ்சிருக்கே."

கை சரியாகத்தான் எறிந்திருக்கிறது. மனசுதான் குறுக்கே நின்றிருக்கிறது. எந்தக் கோப்பைக்காக ஊரை விட்டு எதிரியிடம் போனானோ அந்தக் கோப்பையை ஜெயித்துவிட்டுத்தான் போயிருக்கிறான். துறைமுகத்தின் மூன்று கோப்பைகளும் அந்த ஏழாவது மாடி அலமாரியில் இருப்பதை நினைத்ததும் அவனுக்குக் காது மடல்கள் எரிந்தன. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்பார்களே, அதற்கு அவன் அன்று முழுமனதாகத் தயாராக இருந்தான். பூமிதான் பிளக்கவில்லை.

நடுவர் ஈய முத்திரையை உடைத்துக் கோப்பையை எடுத்தார். எடை இரண்டு கிலோ நானூறு கிராம், வைத்தபோது இருந்ததேதான் என்று சரிபார்த்துச் சொன்னார். விதிப்படி தலைவன் கையில்தான் கொடுக்க வேண்டும். அன்றைய தலைவன் ஏணிதான். அவன் இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். வாங்கிய கையோடு நொண்டி நொண்டி நடந்துபோய்க் கண்டக்டரிடம் கொடுத்தான்.

"நீ குடுத்த பந்துதானே" என்றான்.

கண்டக்டர் வாங்கிக்கொண்டான். மன்னித்தேன் என்றோ, மாட்டேன் என்றோ சொல்லவில்லை. கோப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒரே தூசியா இருக்கு" என்றான். பூட்டு தூக்கிய கையை இறக்கித் தோளைத் தடவிக்கொண்டே வந்து, தான் மத்தியான ரயிலுக்குப் போவதாகச் சொன்னான். ஏணி தலையாட்டினான். போய் வா என்றும் சொல்லவில்லை, நானும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் பத்திரிகையில், சிமென்ட் விலைக்கும் வானிலைக்கும் நடுவில், நான்கு வரி வந்தது. ஆலை அணி ஒரு புள்ளியில் வெற்றி, ஆட்ட நேரம் நாற்பது நிமிஷம், நான்கு வருஷம், ஏழு மாசம். பந்தை உதறிப் பார்த்தார்கள். கொஞ்சம் காற்று இறங்கியிருந்தது. அடித்துவிட்டு அன்றைய பயிற்சிக்கே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அதெல்லாம் மறுநாள். ஆட்டம் முடிந்த அன்று மத்தியானம் ஏணி அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். கால்கள் பழையபடி மேஜைக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. அக்காவின் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்துப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். அக்கா பரிமாறினாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம் மறந்த விருந்தாளி மாதிரி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். குழாயடியில் பச்சைச் சோப்பு ஒன்று தேய்ந்து கிடந்தது. நடுவில் பதினான்கு என்ற எண் மங்கலாக இன்னும் தெரிந்தது.

"ஏய் ஏணி" என்றாள் அக்கா. "தட்டை அங்கயே வையி."

அவன் வைத்தான்.